வடகடலும் தென்தீவும்

கடல் இரண்டாம் முறை ஊருக்குள் புகுந்து, திரும்பிப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, தூத்துக்குடியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். வடகடலா, தென்தீவா? கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும் நேரத்திலும் அதுதான். சாவு விழுந்த துட்டி வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் அதுதான். ஆள் எடுத்துக்கொண்டிருந்த நாடுகள் அந்த இரண்டு மட்டும். மற்ற நாடுகளெல்லாம் போதும் என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

ஜெயசிங் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்தான். கிடங்குக்குள் இடுப்பளவு உப்புத் தண்ணீர் நின்றதும் முதலாளி பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவன் மனைவி சுகிர்தா நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியைக் கோவில்பட்டி முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி. மகள் ஷெரினுக்கு ஆறு வயது.

அண்ணன் செல்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஜெயசிங்கைவிடப் பதினைந்து வயது மூத்தவன். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் என்று சொன்னால் மிகையில்லை. மனைவி இறந்த பிறகு ஒரே மகன் ஜோயலோடு இருந்தான். தென்தீவுக்குத்தான் போவது என்று அவன் முதல் நாளே முடிவு கட்டிவிட்டான்.

"அங்க நம்ம கோயிலு இருக்கு, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு. மார்க்கெட்டுல போயி சாளை மீனு என்ன விலைன்னு தமிழ்ல கேக்கலாம்லே. பொறவு என்ன வேணும் மனுசனுக்கு?" என்றான் செல்வின், தம்பி வீட்டுத் தரையில் சாப்பிட உட்கார்ந்தபடி.

"குடியுரிமை வேணும் அத்தான்," என்றாள் சுகிர்தா, குழம்பை ஊற்றிக்கொண்டே. "தென்தீவுல அது கடைசி வரைக்கும் கிடையாது. அங்கயே பொறக்கிற பிள்ளைக்கும் கிடையாது. கையில ஒரு பட்டை மாட்டுவாங்களாம். நெஞ்சு, ரத்தம், மூச்சு எல்லாத்தையும் அது அளந்துகிட்டே இருக்கும். உழைக்கத் தெம்பு இருந்தா இருக்கலாம். தெம்பு குறைஞ்சா ஒரு மாசத்துல மூட்டையக் கட்டச் சொல்லுவாங்க."

"எனக்கா தெம்பு இல்ல? என் கையப் பாரு."

"இன்னைக்கு இருக்கு அத்தான்."

"சரி, உன் வடகடலு என்ன யோக்கியம்? அவனுவ நாக்கையே அறுத்து வாங்கிக்கிடுதானுவளே!"

வடகடலில் இறங்கிய அன்றைக்கே குடியுரிமை, ஓட்டு, இலவச வைத்தியம், முதுமையில் பென்ஷன். எல்லாமே அந்நாட்டில் பிறந்தவனுக்கு உள்ளபடியே. கேட்பது ஒன்றே ஒன்று. மொழியேற்றம் செய்துகொள்ள வேண்டும்.

அது என்னவென்று வடகடல் தூதரகத்தின் தமிழ் டாக்டர் ஒருவர் சென்னையில் அவர்களுக்கு விளக்கினார். ரெஜினா என்று பெயர். ஒளித்துப் பேசாத பெண்மணி.

"ஒரு மருந்து போடுவாங்க. மூளையில பேச்சு இருக்கிற இடத்தை அது கைக்குழந்தையோட மூளை மாதிரி இளக வைக்கும். அப்புறம் மூணு வாரம் மயக்கத்துல படுத்திருப்பீங்க, காதுல அந்த நாட்டு நோரிக் மொழி ஓடிக்கிட்டே இருக்கும். எழுந்திருக்கும்போது நோரிக் உங்க தாய்மொழி. உச்சரிப்புல ஒரு குறை சொல்ல முடியாது."

"தமிழ்?" என்று கேட்டான் ஜெயசிங்.

"இடம் ஒண்ணுதானே சார். புதுசு வந்து உட்கார்ற இடத்துலதான் பழசு இருக்கு. சின்ன வயசுக்காரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போகும், ஒரு வருஷம் போல ஆகும். வயசானவங்களுக்கு இளகிக் கொடுக்க இடம் இல்ல. எழுந்திருக்கும்போதே போயிருக்கும். நினைவு ஒண்ணும் போகாது, பயப்படாதீங்க. பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க எல்லாரையும் தெரியும்."

"எதுக்காக இப்படிச் செய்யுதாங்க?"

"ஒரு காலத்துல அங்க ஆறு தேசத்து ஆளுங்க ஆறு தெருவுல பிரிஞ்சிருந்து ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டாங்க. இனிமே யாரும் யாருக்கும் அந்நியரா இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. கெட்ட எண்ணத்துல செய்யறதா எனக்குத் தோணலை." டாக்டர் அவர்களுடைய தாள்களை மூடி வைத்தார். "நான் செய்துக்கலை. என் பொண்ணு செய்துக்கிட்டா."

பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. ஜெயசிங்குக்குச் சிறுவயதில் வலிப்பு வந்திருக்கிறது. அந்த மருந்து அவனுக்கு ஆகாது. மனைவியும் மகளும் மொழியேற்றம் செய்துகொண்டால் அவன் விதிவிலக்காகக் கூடப் போகலாம். நோரிக்கைச் சாதாரணமாகப் படித்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ரயிலில் திரும்பும்போது ஷெரின் சுகிர்தாவின் மடியில் தூங்கினாள். "ஏங்க, நமக்குப் பிற்பாடு இவளை எவனும் வந்து கிளம்புன்னு சொல்லக் கூடாது," என்றாள் சுகிர்தா. "இவளுக்கு நிக்க ஒரு தரை வேணும். தமிழு போனா போவுது."

"நான் உன்கிட்ட எதுல பேச?"

"தமிழ்லயே பேசுங்க. எனக்குப் புரியற வரைக்கும் பேசுங்க. புரியலன்னாலும் பேசுங்க."

*

அண்ணனும் தம்பியும் ஒரே வாரத்தில் வெவ்வேறு விமானம் ஏறினார்கள்.

வடகடல் குளிர்ந்த, சுத்தமான, அமைதியான நாடு. சுகிர்தாவும் ஷெரினும் மூன்று வாரம் மயக்கத்தில் கிடந்து எழுந்த பிறகு அவர்களுக்கு இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி முதல் நாளே ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். துறைமுகத்துக் குளிர்கிடங்கில் ஜெயசிங்குக்கு வேலை கிடைத்தது. இயந்திரங்களுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

ஷெரினுக்கு ஆறு மாதத்துக்குள், ஊர்க் கணக்கில் சொன்னால் ஆவணி பிறப்பதற்குள், தமிழ் உதிர்ந்துவிட்டது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பால் பல் விழுந்ததற்குத்தான் அழுதாள்.

சுகிர்தாவுக்கு மெல்லப் போயிற்று. முதலில் எழுத்து போனது. கூடவே கொண்டுவந்திருந்த பைபிளைத் திறந்து, மூடி, அலமாரியில் வைத்தாள். பிறகு பேச்சில் ஓட்டை விழுந்தது. கரண்டியைக் காட்டி "அது, அது" என்பாள். ஜெயசிங் "கரண்டி" என்று சொல்வான். "ஆமா, கரண்டி," என்று திருப்பிச் சொல்லிச் சிரிப்பாள். அடுத்த வாரம் கரண்டி மறுபடி போயிருக்கும். வார்த்தையைத் தேடித் தவிக்கும் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் சில நாள் கிடங்கிலேயே கூடுதல் நேரம் இருந்துவிட்டு வந்தான்.

ஒருநாள் மாலை அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கிடங்கு மேலாளரைப் பற்றி ஒரு வேடிக்கையை, அவர் நடக்கும் நடையையும் சேர்த்து, தமிழில் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு போனான். அவள் சரியான இடங்களில் தலையாட்டினாள். அவன் முடித்ததும் சிரித்தாள். ஆனால் அவன் இன்னும் முடிக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியிருந்தான், அவ்வளவுதான்.

"சுகி, நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டான்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கண் நிரம்பியது. நோரிக்கில் ஏதோ சொன்னாள். மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல் மட்டும் அவனுக்குப் புரிந்தது. அது நோரிக் வகுப்பில் இரண்டாம் பாடத்தில் சொல்லிக்கொடுத்த சொல்.

அதன் பிறகு அவன் வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். பேசச் சொன்னவள் அவள்தான். ஆனால் புரியாதவளிடம் பேசுவது, ஆளில்லாத வீட்டுக்குள் நின்று கூப்பிடுவதுபோல இருந்தது. அவனுடைய நோரிக்கோ தேறவே இல்லை. நாற்பதை நெருங்கிய நாக்கு வளைய மறுத்தது. ஷெரினின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் மகளேதான் நடுவில் நின்று அப்பாவின் உடைந்த நோரிக்கை ஆசிரியைக்கு நல்ல நோரிக்கில் எடுத்துச் சொன்னாள். அவன் மூச்சுமுட்டப் பத்து வாக்கியம் சொன்னால் அவள் ஒன்றாக்கிச் சொல்வாள். அந்த ஒன்றில் தான் சொன்னது இருந்ததா என்று அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு வாய் திறக்கும். செல்வின் திரையில் வருவான். தென்தீவு வெயிலில் கறுத்து, தொப்பை போட்டு, சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பான். பின்னால் யாராவது தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"என்னலே, உன் நாட்டுல வெயிலு வந்துட்டா? இங்க கோயிலு அசன விருந்துக்கு ஆயிரம் பேரு. நம்ம தூத்துக்குடிப் பயலுவதான் சமையலு. ஜோயலுக்குப் பொண்ணு பாத்தாச்சு, நம்ம சாயர்புரம் பிள்ளை."

"ஒனக்கென்னண்ணே, ராஜா."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா? கேட்டியா? பொண்டாட்டி பேச்சக் கேட்டுட்டுப் போயி ஊமையா உக்காந்திருக்க."

"இங்க ஷெரினு டாக்டருக்குப் படிக்கணும்னாலும் ஒரு தம்பிடி வேண்டாம்ணே. ஒன் பேரன் பொறந்தா அவன் கையிலயும் பட்டை கட்டுவானா இல்லியா?"

"கட்டுவான். கட்டினா என்ன, கடிகாரம் மாதிரிதான்." செல்வின் கையைத் தூக்கிக் காட்டுவான். பட்டையில் பச்சை விளக்கு எரியும்.

எந்த நாடு நல்ல நாடு என்று வாரா வாரம் அந்தச் சண்டை நடந்தது. யாரும் ஜெயிக்கவில்லை. ஜெயசிங்குக்குச் சண்டை முடியாமல் இருந்தால் போதும்.

*

சில வருடங்கள் கழித்துக் குடியேற்ற நிலையத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. மொழியேற்றத்துக்கு முன்னால், இழக்கப்போவது என்ன என்பதை வருகிறவருக்கு அவருடைய தாய்மொழியில் விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தமிழ் தெரிந்து வந்தவர்கள் எல்லாருக்கும் தமிழ் போய்விட்டது. ஊரிலிருந்து டாக்டர் ரெஜினாபோல யாராவது பேசினால் போதாதாம், நேரில் ஆள் வேண்டுமாம். அவர்கள் இருந்த தலைநகரில் தமிழ் மிஞ்சியிருந்தது அவனிடம் மட்டும்தான்.

முதல் வாரம் அவனுக்குத் திருவிழாவாக இருந்தது. கடலூர்க்காரர்கள் வந்தார்கள், வேதாரண்யத்துக்காரர்கள் வந்தார்கள். "அண்ணாச்சி, நீங்க நம்மூரா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் சட்டத்தில் சொன்னபடி ஒன்று விடாமல் விளக்கினான். எழுத்து போகும், பேச்சு போகும், கேட்டால் புரிவது கடைசியாகப் போகும். சம்மதமா? சம்மதம் என்றார்கள் எல்லாரும். பின்னால் ஊரில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, வேறென்ன சொல்வார்கள்?

சிதம்பரத்தைச் சேர்ந்த ஒரு பெண், ஆறு மாதக் கர்ப்பிணி, கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். "அண்ணே, நல்ல நாடுதானே?" என்றாள்.

"நல்ல நாடும்மா," என்றான். அது பொய்யில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவளைக் கடைத்தெருவில் குழந்தையோடு பார்த்தான். அவளும் அவனை அடையாளம் கண்டுகொண்டு நோரிக்கில் வணக்கம் சொன்னாள். குழந்தையைக் காட்டி வேகமாக என்னென்னவோ சொல்லிச் சிரித்தாள். அவனால் பாதிக்குமேல் பிடிக்க முடியவில்லை. நகரத்தில் இப்படி அவனுக்கு வணக்கம் சொல்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அத்தனை பேரின் கடைசித் தமிழையும் கேட்டவன் அவன்தான்.

செல்வினின் பட்டை மஞ்சளானது அந்தச் சமயத்தில்தான். நெஞ்சில் அடைப்பு. சிகிச்சை செய்தால் பிழைக்கலாம், ஆனால் பழைய தெம்பு வராது. தெம்பு வராதவனுக்குத் தென்தீவில் சிகிச்சை கிடையாது. அறுபதைத் தாண்டியவனை ஒரு மாதத்துக்குள் விமானத்தில் ஏற்றிக் கோவில்பட்டி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜோயல் கூடப் போனால் திரும்ப வர முடியாது. அவனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். விமான நிலையத்தோடு நின்றுகொண்டான்.

முகாமிலிருந்து செல்வின் பேசியபோது மூச்சு இரைத்தது. சட்டை போட்டிருந்தான், அது தொளதொளவென்று கிடந்தது.

"இங்க வந்திருண்ணே," என்றான் ஜெயசிங். "கூடப்பொறந்தவன் கூப்பிட்டா எடுத்துக்கிடுவாங்க. வந்த மறுவாரமே நெஞ்சுக்கு ஆபரேசன் செஞ்சிருவாங்க."

"நாக்கைக் குடுக்கணும்லா?"

"குடுக்கணும்."

"வேண்டாம்லே."

"ஏம்ணே, அந்தத் தமிழை வச்சுக்கிட்டு அங்க என்ன செய்யப் போற? சாவப் போற."

"எனக்காகவாலே சொல்லுதேன்?" என்றான் செல்வின். "நானும் போயிட்டா நீ யார்கிட்டலே பேசுவ?"

ஜெயசிங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் சாகும்வரை ஞாயிறுதோறும் பேசலாம். எத்தனை ஞாயிறு மிச்சமிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "நீ உசிரோட இருந்து நோரிக்ல என்னைய ஏசு," என்றான். "புரியாட்டியும் கேட்டுக்கிடுதேன்."

*

சொந்தக்காரரிடம் சொந்தக்காரரே சம்மதம் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் இருந்தது. ஆனால் வேறு ஆள் இல்லை. மேலதிகாரி நல்ல மனிதர். ஒரு மணி நேரம் யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்று சொல்லி வெளியே போனார்.

கடைசியில் தம்பி சொன்னதைக் கேட்டு வந்திருந்த செல்வின் சக்கர நாற்காலியில் இருந்தான். மேலே இரண்டு கம்பளி. ஜெயசிங் சட்டத்தில் சொன்னதை ஒருமுறை ஒப்பித்தான்.

"கெடக்கட்டும்லே, தெரிஞ்சதுதானே," என்றான் செல்வின். "இங்க சாளை கிடைக்குமா?"

"அது மாதிரி ஒண்ணு கிடைக்கும். முள்ளு கூட."

"சுகிர்தா குழம்பு வைப்பாளா?"

"நான் வைப்பேன்."

"சரிதான்." செல்வின் ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த பனியைப் பார்த்தான். "அங்க ஒடம்பு இருக்கிற வரைக்கும் வச்சிருந்தானுவ. இங்க ஒடம்பைக் காப்பாத்தி வச்சுக்கிட்டு மத்ததை எடுக்கானுவ. அவ்ளோதானல வித்தியாசம்? இதுக்காலே நாம எட்டு வருசம் சண்டை போட்டோம்?"

ஜெயசிங் நழுவிய கம்பளியை இழுத்து அண்ணன் தோளில் போர்த்தினான்.

"ஏலே, இன்னொண்ணு. நான் கொஞ்சம் ஏசிக்கிடட்டா? பொறவு முடியாதுல்லா."

ஏசினான். தென்தீவை ஏசினான், பட்டையை ஏசினான், ஊரை விழுங்கிய கடலை அதன் தாய் தகப்பனோடு சேர்த்து ஏசினான், துறைமுகத்தில் அவனோடு கிரேன் ஓட்டிய எவனையோ பெயர் சொல்லி ஏசினான். துறைமுகத்துக்காரன் வாயில் மட்டும் வருகிற வசவுகள். ஜெயசிங் அவற்றைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. இருவரும் விலா நோகச் சிரித்தார்கள். செல்வினுக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நேரம் முழுவதும் அப்படியே போயிற்று. முக்கியமாக ஏதோ பேச வேண்டும் என்று ஜெயசிங் நினைத்து வைத்திருந்தான். கதவு தட்டப்பட்டபோதுதான் அது ஞாபகம் வந்தது.

"சம்மதம்னு சொல்லிரு," என்றான் செல்வின்.

"நீதாம்ணே சொல்லணும்."

"சம்மதம்லே."

நெஞ்சு ஆபரேஷனும் மொழியேற்றமும் முடிந்து, மூன்று வாரத்துக்குப் பிறகு செல்வின் கண் விழித்த காலையில் ஜெயசிங்கும் சுகிர்தாவும் கட்டிலருகில் இருந்தார்கள். செல்வின் தம்பியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். பிடி நன்றாக இறுகியிருந்தது. வாய் திறந்து பேசினான். அதே கரகரப்பான குரல், அதே இழுப்பு. சொற்கள் மட்டும் நோரிக். வழவழவென்று, அந்த ஊரில் பிறந்தவனைப்போல.

சுகிர்தா குனிந்து ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவள் சிரித்தாள். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அண்ணனும் அவளும் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி ஜெயசிங் பார்த்ததில்லை. அவன் ஒரு முகத்திலிருந்து மற்ற முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுதான்?" என்று தன் உடைந்த நோரிக்கில் கேட்டான்.

சுகிர்தா அவனுக்காகவென்று வைத்திருக்கும் எளிய, மெதுவான நோரிக்குக்கு மாறினாள். "கனவு கண்டாராம். உங்கள் அப்பா வந்தாராம்."

அப்பா இறக்கும்போது ஜெயசிங்குக்கு ஐந்து வயது. அவனுக்கு முகம்கூடச் சரியாக நினைவில்லை. குரல் நினைவிலேயே இல்லை. செல்வினுக்குத்தான் எல்லாம் தெரியும்.

"அப்பா பேசினாரா?"

செல்வின் தலையாட்டினான். குரலைக் கட்டையாக்கி, புருவத்தைச் சுருக்கி, அப்பா சொன்னதை அப்பாவைப்போலவே சொல்லிக் காட்டினான். நோரிக்கில். தூத்துக்குடியைத் தாண்டிப் போகாமல் உப்பளத்திலேயே வாழ்ந்து செத்த மனிதர் நோரிக்கில் பேசினார். செல்வினுக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. அப்பா என்றைக்கும் அப்படித்தான் பேசுவார் என்பதுபோல மறுபடியும் சொன்னான்.

ஜெயசிங்குக்கு 'கதவு' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. சுகிர்தாவைப் பார்த்தான்.

"'சிறியவன் இன்னும் வரவில்லை, கதவை அடைக்காதே.' இதுதான்," என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

அதைத் தமிழில் அப்பா எப்படிச் சொல்லியிருப்பார்? 'சின்னவன் வரல' என்றா, 'சின்னப்பய வரல' என்றா? 'அடைக்காத' என்றா, 'சாத்தாதல' என்றா? ஜெயசிங் உதட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். எல்லாமே சரியாக இருப்பதுபோலவும் தோன்றியது, எதுவுமே அப்பா இல்லை என்பதுபோலவும் தோன்றியது. அப்பா எப்படிப் பேசுவார் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டிருக்கலாம்.

செல்வின் தம்பியின் முகத்தைக் கவனித்தான். புரியவில்லை என்று நினைத்துக்கொண்டான்போல. கையைத் தட்டிக்கொடுத்து, அந்த வாக்கியத்தை இன்னும் மெதுவாக, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலத் துண்டு துண்டாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

ஜெயசிங் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் சொல்லை நோரிக்கில் திருப்பிச் சொன்னான். செல்வின் தலையசைத்து, உச்சரிப்பைத் திருத்தினான். ஜெயசிங் மறுபடியும் சொன்னான்.